மீன்பாடி வண்டியும் பாக்டீரியாவின் வாசல்களும்

மீன்பாடி வண்டியை எந்தக் கம்பெனியும் தயாரித்து ஷோரூமில் வைத்து விற்றதில்லை. மூன்று சக்கரம், சரக்கு வைக்க ஒரு பலகை, மிதிப்பதற்குப் பதிலாக எங்கிருந்தோ கழற்றிக் கொண்டுவந்து பொருத்திய டூவீலர் இன்ஜின். சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட அது கிளம்பிப் போவதைப் பார்த்தால், இதை யாரும் வரைபடம் போட்டுச் செய்யவில்லை என்பது தெரியும். ஆனால் ஓடுகிறது. நன்றாகவே ஓடுகிறது.

அப்படிக் கழற்றிய பாகங்கள் மறுபிறவி எடுக்கும் இடம் புதுப்பேட்டை. ஒருமுறை என் ஸ்கூட்டருக்கு ஒரு லாக் தேடி அங்கே போயிருந்தேன். கடைக்காரர் ஒரு டப்பாவைக் கவிழ்த்துக் கிளறிக்கொண்டிருந்தார். மேஜையில் பில் புத்தகம் பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு பழைய பிஸ்டன். தலையில் படிந்த கரியும், ரிங் போன பள்ளங்களும் அப்படியே இருந்தன. கைக்கு அகப்பட்ட ஒரு லாக்கைக் காட்டி இது எந்த வண்டியுடையது என்று கேட்டேன். அவர் நிமிராமலே சொன்னார்: "எந்த வண்டிதுன்னு கேக்காதீங்க சார். உங்க வண்டில உட்காருதான்னு பாருங்க."

பாக்டீரியா தன் உடம்புக்குள் செய்த புரதங்களை வெளியே தள்ளப் பயன்படுத்தும் இயந்திரங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடைக்காரர் நினைவுக்கு வருவார். பரிணாமம் அவர் கட்சிதான்.

புரதத்தை வெளியே தள்ளுவதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். கஷ்டம் சுவரில் இருக்கிறது. 1884இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற டென்மார்க் மருத்துவர் ஒரு சாயம் போடும் முறையைக் கண்டுபிடித்தார். ஊதாச் சாயம், அயோடின், ஆல்கஹால், அப்புறம் பின்னாளில் சேர்ந்த சிவப்புச் சாயம். இன்றும் எல்லா மைக்ரோபயாலஜி மாணவர்களும் விரலில் கறையோடு வீட்டுக்குப் போவது இதனால்தான். ஆல்கஹாலில் கழுவிய பிறகும் ஊதாவாகவே நிற்கும் பாக்டீரியாக்கள் ஒரு வகை. நிறம் போய், பிறகு ஊற்றிய சிவப்பை ஏற்றுக்கொண்டு இளஞ்சிவப்புக் குச்சிகளாகத் தெரிபவை இன்னொரு வகை. ஊதா வகைக்கு ஒரே ஒரு சவ்வு, அதற்கு வெளியே தடித்த சுவர். இளஞ்சிவப்பு வகைக்கு இரண்டு சவ்வுகள், நடுவே குறுகலான ஓர் இடைவெளி. இட்லி மாவைப் புளிக்கவைக்கும் லூக்கோனோஸ்டாக் முதல் வகை. காலரா, டைஃபாய்டு, பிளேக் கிருமிகள் எல்லாம் இரண்டாவது வகை.

உள் சவ்வைத் தாண்டுவது பெரிய விஷயமில்லை. செக் என்ற பொதுவான வாசல் ஒன்று பாக்டீரியாவிலும் இருக்கிறது, நம் செல்களிலும் அதன் சொந்தக்கார வாசல் இருக்கிறது. புரதத்தின் முனையில் ஒரு சிறிய விலாசம் எழுதியிருந்தால் போதும், அந்த வாசல் வழியே நூல் மாதிரி இழுத்து விடப்படும். இந்த விலாச விஷயத்தைக் கண்டுபிடித்ததற்காக குந்தர் பிளோபெலுக்கு 1999இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒற்றைச் சவ்வு பாக்டீரியாவுக்கு இந்த ஒரு வாசலே பெரும்பாலும் போதும். அதைத் தாண்டினால் தெருதான்.

இரட்டைச் சவ்வுக்காரர்களுக்கு அப்படியில்லை. உள்வாசலைத் தாண்டினால் வந்து நிற்பது முற்றத்தில். வெளி கேட் இன்னும் பாக்கி. அந்த முற்றத்தில் கரண்ட் கிடையாது. செல்லின் மின்சாரம் என்று சொல்லத்தக்க ஏடிபி உள்ளேதான் இருக்கிறது, இடைவெளிக்கு அது வருவதில்லை. ஆக, வெளி கேட்டைத் திறக்க வேண்டுமென்றால் வீட்டுக்குள்ளிருந்து ஏதாவது ஒரு நீண்ட கம்பியோ கயிறோ தடியோ கொண்டுதான் இயக்க வேண்டும். இந்த ஒரே சிக்கலுக்குப் பாக்டீரியாக்கள் பல தனித்தனி விடைகளைக் கண்டுபிடித்திருக்கின்றன.

அவற்றைச் சுரப்பு அமைப்புகள் என்று அழைத்து, வகை 1, வகை 2 என்று ஆய்வாளர்கள் எண் கொடுத்திருக்கிறார்கள். இப்போது எண்ணிக்கை 11 வரை போய்விட்டது. சென்னையில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்த எண்களின் லட்சணம் சட்டென்று புரியும். பழைய எண் 14, புதிய எண் 31, பக்கத்து வீடு 9. எண்ணை வைத்து யார் யாருக்கு உறவு என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் அடையாளம் கண்ட வரிசையில் கதவில் ஒட்டிய நம்பர்கள்தான் இவை. வகை 3 என்பது வகை 2இன் மேம்பட்ட பதிப்பு என்று பாடப்புத்தக அட்டவணையைப் பார்த்து நினைத்துக்கொள்ளும் மாணவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அட்டவணை போட்டவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

முதல் வகையை விரைவாகச் சொல்லிவிடலாம். உள்ளிருந்து வெளிவரை ஒரே குழாய். ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியா தன் ரத்த அணு அழிக்கும் நச்சை இதன் வழியே விடுகிறது. குழாயின் வெளிப்பகுதியான டோல்-சி புரதம் இன்னொரு வேலையும் பார்க்கிறது: செல்லுக்குள் நுழைந்த ஆன்டிபயாடிக்கை வெளியே இறைக்கும் பம்புக்கும் அதுதான் வாய். ஐந்தாவது வகையில் புரதமே தன் வால்பகுதியை வெளிச்சவ்வில் ஒரு குழாயாகச் செருகிக்கொண்டு, கூட இருப்பவர்களின் உதவியோடு, அதன் வழியே தன்னைத்தானே வெளியே எடுத்துக்கொள்கிறது. ஒன்பதாவது வகை, பல் ஈறுகளை அரிக்கும் கிருமியிடம் இருக்கிறது. அதே அமைப்பு அதன் சொந்தக்கார பாக்டீரியாக்களை வழுக்கிக்கொண்டு நகரவும் வைக்கிறது.

காலராவில் கொஞ்சம் நிற்க வேண்டும். வங்காள விரிகுடாவின் கரையில் வாழ்கிறவர்களுக்கு இது வீட்டுக் கதை.

காலரா நச்சைக் கண்டறிந்தவர் கல்கத்தாவின் சம்பு நாத் டே, 1959இல். அந்த நச்சு ஒரு ஏ துண்டும் ஐந்து பி துண்டுகளும் சேர்ந்தது. துண்டுகள் தனித்தனியாக செக் வாசலைத் தாண்டி முற்றத்துக்கு வந்து, அங்கே மடிந்து, ஒன்றோடொன்று பொருந்தி முழு உருவம் பெறுகின்றன. பிறகு அந்த முழு உருவத்தை அப்படியே வெளி கேட் வழியே தள்ளிவிடுவது வகை 2. வெளி கேட் என்பது 15 புரதங்கள் கைகோத்து நிற்கும் ஒரு வளையம். தள்ளுவது, உள் சவ்விலிருந்து எழும்பும் ஒரு குட்டையான தடி. உள்ளே ஏடிபியை எரிக்கும் மோட்டார் தடியைக் கட்டிக் கட்டி நீட்ட, அது பிஸ்டன் மாதிரி சரக்கை வெளியே உந்துகிறது என்றுதான் ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள்.

அந்தத் தடியின் பூர்வீகம் வேறு. பல பாக்டீரியாக்கள் நான்காம் வகை பிலி (பின்னால் வரும் வகை 4 வாசல் வேறு) என்ற மெல்லிய கயிறுகளை வெளியே வீசி, எதையாவது பற்றிக்கொண்டு, கயிற்றை உள்ளே இழுத்துத் தம்மை நகர்த்திக்கொள்கின்றன. வகை 2இன் பிஸ்டன் அந்தக் கயிற்றின் ஒன்றுவிட்ட தம்பி. வெளியே நீளாமல் முற்றத்திலேயே நின்றுவிட்டது. பாக்டீரியாவே அல்லாத ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்கள் நீந்தப் பயன்படுத்தும் வாலும் இதே குடும்பம். நங்கூரக் கயிறு, துடுப்பு, பிஸ்டன் எல்லாம் ஒரே பட்டறைச் சரக்கு.

இன்னும் ஒரு வேடிக்கை இருக்கிறது. காலரா நச்சின் மரபணு காலராக் கிருமியின் சொந்தச் சொத்தே இல்லை. அது ஒரு வைரஸ் கொண்டுவந்து வைத்தது. 1996இல் வால்டார், மெக்கலானோஸ் என்ற ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். பாக்டீரியாவுக்குள் குடியிருக்கும் அந்த நூல் வடிவ வைரஸ் வெளியே போகும்போது எந்த வழியாகப் போகிறது தெரியுமா? நச்சு போகும் அதே வளைய கேட் வழியாக. குடித்தனக்காரர் வாடகைக்குப் பதில் விஷத்தைக் கொடுத்துவிட்டு, வெளியே போக வீட்டுக்காரரின் கேட்டையே பயன்படுத்திக்கொள்கிறார்.

1992 அக்டோபர் வாக்கில் மெட்ராஸில் ஒரு புதுக் காலரா தலைகாட்டியது. அதுவரை பெருந்தொற்றாகப் பரவும் காலரா என்றால் ஓ1 என்ற ரகம்தான் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். இது அதற்கான சோதனையில் சிக்கவில்லை. ஓ1இல் அடிபட்டு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களையும் படுக்கவைத்தது. சில மாதங்களில் கல்கத்தா, வங்கதேசம் என்று கரையோரமாகவே ஏறிப் போனது. ஓ139 என்று பெயர் வைத்தார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்தது பழைய ஓ1தான். வெளிச்சவ்வின் மேல் போர்த்தியிருக்கும் சர்க்கரைப் போர்வையைச் செய்யும் மரபணுக்களை மட்டும் வேறெங்கிருந்தோ வாங்கி மாற்றிக்கொண்டிருந்தது.

எங்கிருந்து, எப்படி வாங்கும்? இதற்கு வகை 6 ஒரு வழியைக் காட்டுகிறது. 2006இல் மெக்கலானோஸின் ஆய்வகம் காலராக் கிருமியை அமீபாவோடு விட்டுப் பார்த்தது. கிருமியைத் தின்னும் அமீபாவே செத்தது. கொன்ற ஆயுதம் அதுவரை பெயரில்லாத ஒரு சுரப்பு அமைப்பு. அதன் பாகங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது, பலவும் ஏற்கெனவே பார்த்த முகங்களாக இருந்தன: பாக்டீரியாவைத் தாக்கும் டி4 போன்ற ஃபேஜ் வைரஸ்களின் வால். ஃபேஜ் என்ன செய்யும்? பாக்டீரியாவின் மேல் வந்து உட்கார்ந்து, வாலைச் சுற்றியுள்ள உறையைச் சுருக்கி, உள்ளே இருக்கும் குழாயை ஊசி மாதிரி இறக்கும். வகை 6இல் அதே குழாய், அதே கூர்முனை, அதே சுருங்கும் உறை. திசை மட்டும் தலைகீழ்: செல்லுக்குள் இருந்துகொண்டு வெளியே பார்த்துக் குத்துகிறது. தன்னைக் குத்த வந்தவனின் ஈட்டியைப் பிடுங்கி, திருப்பி வைத்துக்கொண்டது போல.

உறை பாதி நீளத்துக்குச் சுருங்க 5 மில்லி விநாடி கூட ஆவதில்லை. குத்து முடிந்ததும் குழாயும் முனையும் போனது போனதுதான், ஆனால் சுருங்கிய உறையைப் பிரித்து அடுத்த ஈட்டிக்கு வைத்துக்கொள்ள ஒரு தனிப் புரதம் வேலை செய்கிறது. முனையில் தடவிய விஷம் பக்கத்து பாக்டீரியாவின் சுவரையோ சவ்வையோ அறுக்கும். சொந்தச் சகோதரர்களிடம் மாற்று மருந்து இருப்பதால் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது.

சரி, போர்வைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? காலராக் கிருமி கடலோரத்தில் வாழும்போது நண்டு, இறால் வகைகளின் ஓட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஓட்டில் இருக்கும் கைட்டின் அதற்குச் சாப்பாடு. அதோடு கைட்டினைத் தொட்டவுடன் வெளியே கிடக்கும் டிஎன்ஏவை உள்ளே இழுத்துக்கொள்ளும் திறனும் விழிக்கிறது. இழுப்பது முன்பு சொன்ன அந்தப் பிலி கயிறு. 2007இல் மெலனி பிளோகேஷும் கேரி ஸ்கூல்னிக்கும் ஆய்வகத்தில் கைட்டின் மேல் வைத்தே ஓ1ஐ ஓ139ஆக மாற்றிக் காட்டினார்கள். 2015இல் பிளோகேஷின் குழு இன்னொன்றையும் காட்டியது. டிஎன்ஏவை இழுக்கும் திறனும் வகை 6 ஈட்டியும் ஒரே சமயத்தில்தான் விழிக்கின்றன. அதாவது தெருவில் கிடப்பதைப் பொறுக்குவதோடு நிற்காமல், பக்கத்தில் இருப்பவனைக் குத்திக் கிழித்து, சிந்திய மரபணுக்களை எடுத்துக்கொள்கிறது. காசிமேட்டில் ஏலம் முடிந்த பிறகு குவிந்து கிடக்கும் இறால் ஓட்டைப் பார்க்கும்போது எனக்கு அது குப்பையாகத் தெரிவதில்லை, பாகங்கள் கைமாறும் சந்தையாகத் தெரிகிறது.

வகை 3இன் கதை கொஞ்சம் சண்டை சச்சரவோடு வந்தது. சால்மொனெல்லா, பிளேக் கிருமி போன்றவை வைத்திருக்கும் ஊசி இது. செல்லின் இரண்டு சவ்வுகளையும் துளைத்து வெளியே நீட்டியிருக்கும். நம் செல்லைத் தொட்டதும், உள்ளிருக்கும் புரதங்களை நேரே அதன் வயிற்றுக்குள் இறக்கும். ஊசியின் துளை சில நானோமீட்டர்தான். மடிந்த புரதம் அதில் போகாது, பிரித்து நூலாக்கித்தான் அனுப்ப வேண்டும். சால்மொனெல்லா இதைக்கொண்டு குடல் செல்லையே குழப்பி, அதன் தோலை அலைபோல எழும்பவைத்து, தன்னை உள்ளே அள்ளிக்கொள்ளச் செய்கிறது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ஒருவகை ஈ. கோலை இன்னும் ஒருபடி மேலே. தான் பிடித்துக்கொள்ள வேண்டிய கொக்கியைத் தானே குடல் செல்லுக்குள் ஊசியால் அனுப்பி, அது செல்லின் மேற்பரப்பில் வந்து நின்றதும் அதைப் பற்றிக்கொள்கிறது. கையில் ஆணியோடு வந்து, உங்கள் வீட்டுச் சுவரில் அடித்து, தன் சட்டையை மாட்டும் விருந்தாளி.

இந்த ஊசியின் அடிப்பகுதியை 1998இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு அது அறிமுகமான பொருளாகத் தெரிந்தது. பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் சுழலும் வாலான ஃபிளஜெல்லத்தின் அடிப்பகுதி மாதிரியே இருந்தது. அது தற்செயல் இல்லை. ஃபிளஜெல்லம் உள்ளே துளையுள்ள வால். அது வளர்வது நுனியில். நுனிக்குப் போக வேண்டிய செங்கற்கள் எல்லாம் அடியில் இருக்கும் ஓர் ஏற்றுமதி வாசல் வழியே, துளைக்குள் நுழைந்து போகின்றன. அந்த ஏற்றுமதி வாசல்தான் இரண்டுக்கும் பொது.

அமெரிக்காவில் பரிணாமத்தை ஏற்காதவர்கள், ஃபிளஜெல்லத்தில் ஒரு பாகத்தை எடுத்தாலும் அது ஓடாது, ஆகவே படிப்படியாக வந்திருக்க முடியாது என்று வாதாடினார்கள். 2005இல் பென்சில்வேனியாவின் டோவர் ஊர்ப் பள்ளி வழக்கில் இந்த வால் நீதிமன்றம் வரை போனது. பாகங்களை எடுத்தபின்பும் மிச்சம் இருப்பது ஊசியாக வேலை செய்கிறதே என்பது பதில். நியாயமான பதில்தான். ஆனால் அதைக் கேட்டுவிட்டுப் பலர் ஊசி முதலில் வந்தது, வால் பிறகு வந்தது என்று எடுத்துக்கொண்டார்கள். நடந்தது நேர்மாறு. 2012இல் சோஃபி அபியும் எடுவார்டோ ரோச்சாவும் ஏராளமான மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு, வால்தான் மூத்தது என்று காட்டினார்கள். ஒரு காலத்தில் ஏதோ ஒரு பாக்டீரியாவில் வால் தன் சுழலும் பாகங்களை இழந்தது; ஏற்றுமதி வாசல் மட்டும் மிஞ்சியது. மிக்சோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் வகையறாவில் வெளி வளையமே இல்லாத ஓர் இடைநிலை வடிவம் இன்றும் இருக்கிறது. வெளி வளையம் பிறகு வந்து சேர்ந்தது, அதுவும் வெவ்வேறு இடங்களிலிருந்து பலமுறை. அந்த வளையம் எது? காலரா நச்சு போகும் கேட்டின் சொந்தக்கார வளையம். ஓடாத வண்டியின் இன்ஜினில் வேறொரு வண்டியின் சைலன்சரை மாட்டிய வேலை.

வகை 4 கொண்டுபோவது புரதம் மட்டுமில்லை, டிஎன்ஏவும்தான். 1946இல் லெடர்பெர்க்கும் டேட்டமும் பாக்டீரியாக்கள் மரபணுக்களைப் பரிமாறிக்கொள்கின்றன என்று காட்டினார்கள். அந்தப் பரிமாற்றத்தைச் செய்யும் இயந்திரம் இதுதான். அதையே அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா செடிக்குள் டிஎன்ஏவை ஏற்றப் பயன்படுத்துகிறது. மரபணு மாற்றுப் பயிர்த் தொழில் பெரும்பாலும் நிற்பது இதன் முதுகில். வயிற்றுப் புண் தரும் ஹெலிகோபாக்டர் டிஎன்ஏ அனுப்பும் இதே பம்பை இரைப்பைச் செல்லுக்குள் ஒரு புரதத்தை ஏற்றும் ஊசியாக்கிக்கொண்டது. நுரையீரலைத் தாக்கும் லெஜியனெல்லா அதன் வழியே 300க்கும் மேற்பட்ட புரதங்களை அனுப்புகிறது.

சென்னைக்கு வகை 4 இன்னொரு விதத்தில் பரிச்சயம். 2010இல் லான்செட் குழும இதழ் ஒன்றில், கடைசிக் கட்ட ஆன்டிபயாடிக்குகளையும் உடைக்கும் என்டிஎம்-1 மரபணுவைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். சென்னையில் 44 கிருமிகளில், ஹரியானாவில் 26இல், பிரிட்டனில் 37இல் அந்த மரபணு. பெயரில் நியூடெல்லி இருந்ததால் எழுந்த சத்தத்தில் ஒரு விவரம் யார் காதிலும் விழவில்லை. ஹரியானாவில் அந்த மரபணுவைச் சுமந்த பிளாஸ்மிட்டுகள் என்ற சிறு டிஎன்ஏ வளையங்கள் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவில்லை. சென்னையிலும் பிரிட்டனிலும் கிடைத்தவை சுலபமாகத் தாவின. ஒரே மரபணு, ஆனால் ஒரு ஊரில் அது வீட்டுக்குள் பூட்டிய வண்டி, இன்னொரு ஊரில் சாவியோடு தெருவில் நிற்கும் வண்டி. வித்தியாசம் முழுக்க வாசலில்.

கடைசியாக வகை 7. இது காசநோய்க் கிருமியுடையது. அதற்கு கிராமின் சாயம் சரியாகப் பிடிப்பதில்லை; மெழுகு போன்ற தனி வெளிச்சவ்வு உண்டு. அதைத் தாண்டப் பல வாசல்கள் வைத்திருக்கிறது, அவற்றில் இ.எஸ்.எக்ஸ்-1 என்பது போர் வாசல். நம் வெள்ளணு கிருமியை விழுங்கி ஒரு பைக்குள் அடைத்தால், கிருமி அந்தப் பையைக் கிழிப்பதற்கு இந்த வாசல் வேண்டும். அதன் வழியே வரும் புரதங்களில் முக்கியமானவை இரண்டு: இசாட்-6, சிஎஃப்பி-10.

பிரான்சில் கால்மெட்டும் கெரானும் 1908 முதல் 1921 வரை, 13 வருடம், மாட்டுக் காசநோய்க் கிருமியை பித்தநீரில் ஊறிய உருளைக்கிழங்குத் துண்டில் வளர்த்து வளர்த்து, 230 முறை இடம் மாற்றினார்கள். கிருமி சாதுவானது. அதுதான் பிசிஜி தடுப்பூசி. ஏன் சாதுவானது என்று அவர்களுக்குத் தெரியாது. 1996இல்தான் பிசிஜியில் ஆர்டி1 என்ற ஒரு துண்டு மரபணு காணாமல் போயிருப்பது தெரிந்தது. போனது, இ.எஸ்.எக்ஸ்-1 வாசலின் பாகங்களும் அந்த இரண்டு புரதங்களும். உருளைக்கிழங்கில் உட்கார்ந்து சாப்பிடும் கிருமிக்குக் கிழிக்க வேண்டிய பை ஏது? பயன்படாத கருவி தொலைந்தால் யாரும் தேடுவதில்லை.

கிண்டியில் பிசிஜி தயாரிக்கும் ஆய்வகம் 1948இல் வந்தது. 1968இல் செங்கல்பட்டு பக்கம் 2.5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் அதைப் பரிசோதித்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்பது தெரிந்தது. குழந்தைகளின் மூளைக் காசநோயைத் தடுப்பதால் பிறந்ததும் போடுவது தொடர்கிறது. என் இடது தோளுக்குக் கீழே ஐந்து பைசா அளவில் அதன் தழும்பு இருக்கிறது, உங்களுக்கும் இருக்கலாம்.

சில வருடம் முன்பு எங்கள் வீட்டில் ஒருவருக்குக் காசநோய் வந்தபோது என்னையும் பரிசோதிக்கச் சொன்னார்கள். முன்கையில் போடும் பழைய டியூபர்குலின் ஊசி பிசிஜி போட்டவர்களிடமும் வீங்கிக் குழப்பும் என்றார் டாக்டர். அதனால் ரத்தம் எடுத்தார்கள். அந்தச் சோதனைக் குழாயில் தடவியிருப்பது இசாட்-6, சிஎஃப்பி-10 ஆகியவற்றின் துண்டுகள். பிசிஜியிடம் இல்லாத, நோய்க் கிருமியிடம் இருக்கும் சரக்கு. என் ரத்தம் அவற்றை அதற்கு முன் பார்த்ததே இல்லை என்று இரண்டு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது.